'ஐ5' என்றால் போதுமா? வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பிராசஸரும் மதர்போர்டும்

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தார். ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து, ஒரு நல்ல செல்போன் விலைக்கும் கீழே. பையன் பி.காம். சேர்ந்திருக்கிறான், டேலி கற்றுக்கொள்ள வேண்டும், வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

"ஐ5ன்னா நல்லதுதானே தம்பி? ஐ3யை விடப் பெருசுதானே?"

நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் ஐ5-3470 என்று இருந்தது. நான் சொன்னேன்: "அக்கா, இது 2012ல வந்தது. உங்க பையன் பால்வாடிக்குப் போன காலத்துப் பிராசஸர்."

இந்த ஒரு நோட்டீஸை வைத்தே பிராசஸர் வாங்குவதில் பாதியை விளக்கிவிடலாம். இன்டெல் கம்பெனியின் ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே வருடத்தில் வந்த பிராசஸர்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே உதவும். பத்தாம் வகுப்பில் முதல் ரேங்க் எடுத்தவனையும் கல்லூரியில் ஐந்தாம் ரேங்க் எடுத்தவனையும் ரேங்கை மட்டும் பார்த்து ஒப்பிட முடியாது அல்லவா? அதற்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஐ5-3470 என்பதில் முதல் இலக்கம் 3, அதாவது மூன்றாம் தலைமுறை. ஐ3-12100 என்பதில் முதல் இரண்டு இலக்கம் 12, பன்னிரண்டாம் தலைமுறை. இது 2022 ஜனவரியில் வந்தது. மீதமுள்ள இலக்கங்கள் அந்தத் தலைமுறைக்குள் அதன் இடத்தைச் சொல்கின்றன.

இரண்டுக்குமே நான்கு கோர்தான். வேகம்? பழைய ஐ5 அதிகபட்சம் 3.6 கிகாஹெர்ட்ஸ், புதிய ஐ3 அதிகபட்சம் 4.3. எண்ணைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் ஒற்றைக் கோரில் செய்யும் வேலையை அளந்து பார்த்தால் ஐ3 ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம்.

இது எப்படி என்று அக்காவின் பையன் கேட்டான். பரோட்டாக் கடையை நினைத்துக்கொள் என்றேன். கடையில் எத்தனை மாஸ்டர்கள் நிற்கிறார்கள் என்பது கோர். ஒருவர் நிமிடத்துக்கு எத்தனை முறை கை வீசுகிறார் என்பது கிகாஹெர்ட்ஸ். ஆனால் ஒரு வீச்சில் எத்தனை பரோட்டா கல்லில் விழுகிறது என்று ஒரு கணக்கு இருக்கிறது பார், அதை எந்த விளம்பரமும் சொல்லாது. தலைமுறை மாறும்போது மாறுவது பெரும்பாலும் அதுதான். அப்புறம் த்ரெட். மாவு வந்துசேரும் வரை சும்மா நிற்காமல் பக்கத்துக் கல்லில் ஆம்லெட்டைப் புரட்டிப் போடும் மாஸ்டர் இருக்கிறார் அல்லவா, அவரைக் கடைக்காரர் இரண்டு ஆளாகக் கணக்கு வைத்துக்கொள்கிறார். அசலாக இரண்டு ஆள் கிடையாது, ஆனால் ஒன்றுக்கு மேல். 12100க்கு நான்கு கோர், எட்டு த்ரெட். 3470க்கு நான்கு கோர், நான்கு த்ரெட்தான்.

பழைய ஐ5க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை ஏற்பதில்லை (ஏழாம் தலைமுறையில் ஓரிரண்டுக்கு மட்டும் விலக்கு). விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் நிறுவுபவர்கள் இருக்கிறார்கள். அக்காவுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பழைய பிராசஸரே கூடாது என்று சொல்லவில்லை. லினக்ஸ் போட்டுக்கொள்வேன், தட்டச்சும் யூடியூபும் போதும் என்பவருக்கு அது ஓடும். அதைப் புதுசு மாதிரி விற்பதுதான் பிரச்சினை.

கடைசியில் நிற்கும் ஓர் எழுத்து

எண்ணைப் படிக்கத் தெரிந்தாயிற்று. அடுத்து, எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்து. இதில் நானே அடிபட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் சித்தி மகனுக்கு ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுத்தேன். கடையில் 'இது கொஞ்சம் விலை குறைவு, அதே பிராசஸர்தான்' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு எல்லாவற்றையும் பூட்டி முடித்து சுவிட்சைப் போட்டால், ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. கேபிளை மாற்றினோம். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினோம். மானிட்டரையே மாற்றினோம். பதினொன்றரைக்குச் சித்தி காபி கொண்டுவந்து வைத்தபோதுதான், மேஜையில் கிடந்த பிராசஸர் பெட்டியின் ஓரத்தைப் பார்த்தேன். ஐ5-10400எஃப்.

எஃப் என்றால் அந்தப் பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் ஒழிய திரையில் ஒரு புள்ளிகூட வராது. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும்; இருந்தும் பயனில்லை, அதற்குப் படம் அனுப்ப உள்ளே ஆள் இல்லை. பிரித்த பெட்டியைக் கடையில் திரும்ப வாங்கவில்லை. பழைய கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்த காசை விட அதற்கு ஆன செலவு அதிகம்.

இன்டெல்லில் பார்க்க வேண்டிய எழுத்துகள் கொஞ்சம்தான். எழுத்து எதுவும் இல்லை என்றால் கிராஃபிக்ஸ் உண்டு. எஃப் என்றால் இல்லை. கே என்றால் ஓவர்கிளாக், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் முறுக்கி ஓட்டுபவர்களுக்கானது. விலையும் சூடும் கூடுதல், பெட்டிக்குள் கூலர் வராது, வீட்டு உபயோகத்துக்கு வேண்டாம்.

இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ரைசன் பிராசஸர்களுக்கு வந்தால் கணக்கு தலைகீழ். ஏஎம்4 என்ற சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசஸருக்கான குழி) உட்காரும் ரைசன்களில் எழுத்து இல்லை என்றால் கிராஃபிக்ஸும் இல்லை! ரைசன் 5 5600ஜி என்றால் உண்டு, ரைசன் 5 5600 என்றால் கிடையாது. ஜி அல்லது ஜிடி என்று முடிந்தால்தான் உள்ளே கிராஃபிக்ஸ் இருக்கிறது. இதற்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டில் மறுபடி மாற்றிவிட்டார்கள். அங்கே ரைசன் 5 7600 எழுத்தில்லாமலேயே ஓரளவு கிராஃபிக்ஸோடு வருகிறது; 7500எஃப், 8400எஃப் போன்றவற்றில் இல்லை. பெயர் வைப்பவர்கள் நம்மைச் சோதிக்கத்தான் இப்படி வைக்கிறார்களோ என்று சில நேரம் தோன்றும்.

எனவே கடையில் 'ஐ3 கொடுங்க', 'ரைசன் 5 கொடுங்க' என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. முழுப் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய், பெட்டியில் அதே எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எந்தப் பிராசஸர் என்று கேட்டால், டேலி, எக்செல், பிரௌசர், ஆன்லைன் வகுப்பு என்ற அளவுக்கு ஐ3-12100 அல்லது அதன் தம்பிகளான 13100, 14100 தாராளம். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான், விலை குறைவாக இருப்பதை எடுங்கள். போட்டோஷாப், கொஞ்சம் வீடியோ எடிட்டிங், புரோகிராமிங் என்றால் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் உள்ள ஐ5-12400 அல்லது 5600ஜி. கார்டு வாங்கக் காசில்லை, ஆனால் சின்னச் சின்ன கேம் விளையாட வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு 5600ஜி. இந்த இன்டெல்களில் உள்ள கிராஃபிக்ஸை விட அதில் இருப்பது வலுவானது. ஐ7, ஐ9 பற்றி இந்தக் கட்டுரையில் பேசவே போவதில்லை.

மதர்போர்டு: முதலில் சாக்கெட்

எந்தக் குக்கருக்கும் எந்தக் கேஸ்கட்டும் பொருந்தாது. அப்படித்தான் இதுவும். பிராசஸர் உட்காரும் சதுரக் குழிக்குச் சாக்கெட் என்று பெயர். இன்டெல் 12, 13, 14 மூன்று தலைமுறைகளுக்கும் எல்ஜிஏ1700. அந்த 1700 என்பது பின்களின் எண்ணிக்கை. ரைசன் 5600ஜி உட்காருவது ஏஎம்4ல். ரைசன் 7600, 8500ஜி எல்லாம் ஏஎம்5ல். இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851 என்று வேறு சாக்கெட். ஒன்றில் உட்காருவது மற்றொன்றில் உட்காராது. அடாப்டர், கன்வர்ட்டர் எதுவும் கிடையாது. அதனால்தான் பிராசஸரை முடிவு செய்த பிறகே மதர்போர்டு பக்கம் திரும்ப வேண்டும்.

அடுத்தது சிப்செட். ரேமோடும் கிராஃபிக்ஸ் கார்டோடும் பிராசஸர் நேரடியாகவே பேசிக்கொள்ளும். யுஎஸ்பி, ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் என்று மீதியைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்ள மதர்போர்டில் இன்னொரு சில்லு இருக்கிறது, அதுதான் சிப்செட். போர்டின் பெயரிலேயே அது இருக்கும். எல்ஜிஏ1700ல் எச்610 அடிமட்டம், பி660, பி760 நடுத்தரம், இசட் என்று தொடங்குபவை ஓவர்கிளாக் கூட்டத்துக்கு. ஏஎம்டியில் ஏ520, ஏ620 போன்ற ஏ வரிசை அடிமட்டம், பி450, பி550, பி650 நடுத்தரம், எக்ஸ் மேல்தட்டு.

எச்610 போர்டில் இழப்பது என்ன? ரேம் ஓட்டை இரண்டுதான், நான்கு இருக்காது. எம்.2 எஸ்எஸ்டிக்கு (போர்டிலேயே நேராகச் செருகும் சேமிப்புச் சில்லு) வழக்கமாக ஒரே இடம், அதுவும் பிசிஐஇ என்ற தரவுப் பாதையின் மூன்றாம் தலைமுறை வேகத்தில். ரேமை அதன் வரம்புக்கு மேல் முறுக்கி ஓட்ட முடியாது. அக்கா வீட்டுப் பையனுக்கு இதில் எது குறையும்? ஒன்றும் குறையாது. அவன் டேலியைத் திறக்கும்போது எச்610க்கும் இசட்790க்கும் ஒரு நொடி வித்தியாசம்கூடத் தெரியாது. மதர்போர்டு கம்ப்யூட்டரை வேகமாக்குவதில்லை. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள், அதுவும் கலர் கலராக விளக்கெரியும் போர்டைப் பார்த்துவிட்ட பிறகு. என் கணக்கு இதுதான்: பட்ஜெட் கம்ப்யூட்டரில் மதர்போர்டின் விலை பிராசஸர் விலையைத் தாண்டினால் எங்கோ தப்பு நடக்கிறது. அந்தக் காசு எஸ்எஸ்டிக்கும் ரேமுக்கும் போக வேண்டியது.

அடிமட்டப் போர்டில் கை வைக்கக் கூடாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி 12 வோல்ட் அனுப்புகிறது. பிராசஸருக்குத் தேவையோ ஒரு வோல்ட்டைச் சுற்றி. அந்த மாற்றத்தைச் செய்யும் பாகங்கள் சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும், விஆர்எம் என்பார்கள். மலிவான போர்டில் இவை எண்ணிக்கையில் குறைவு, மேலே சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினிய ஹீட்சிங்க்கும் இருக்காது. 60 வாட் ஐ3க்கு இது போதும். அதே போர்டில் பெரிய ஐ7ஐ வைத்து, மே மாதத்தில், ஃபேன் மட்டும் சுற்றும் மொட்டை மாடி அறையில் மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்தால் சூடு தாங்காமல் வேகம் படுத்துவிடும். உட்காரும் என்பது வேறு, தாங்கும் என்பது வேறு.

அப்புறம் ரேம். எல்ஜிஏ1700 சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், கடைசியில் 'டி4' அல்லது 'டிடிஆர்4' என்று ஒட்டியிருக்கிறதா என்பதுதான் அடையாளம். இரண்டு ரேமிலும் நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றி மாட்டவும் முடியாது. அழுத்தினால் ஓட்டைதான் உடையும். ஏஎம்4 என்றால் டிடிஆர்4 மட்டும், ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும், அங்கே குழப்பமில்லை. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை வாரிக்கொண்டு போனதில் ரேம் விலை எக்கச்சக்கமாக ஏறியது. வீட்டில் பழைய டிடிஆர்4 ரேம் சும்மா கிடந்தால் அதை வைத்தே போர்டை முடிவு செய்வது புத்திசாலித்தனம். புதிதாக வாங்குவதென்றால் 16 ஜிபி ஒன்றுக்குப் பதில் 8 ஜிபி இரண்டாக வாங்கிப் போடுங்கள். இரண்டு வழியில் தரவு போய்வரும். 5600ஜி மாதிரி உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள பிராசஸர் அந்த ரேமைத்தான் திரைக்கும் பயன்படுத்துகிறது என்பதால் கேமில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

"நாளைக்கு அப்கிரேடு பண்ணலாமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதில் ஏஎம்டிக்கு நல்ல பெயர் உண்டு. 2017ல் வந்த ஏஎம்4 போர்டுகள் பலவற்றில், பயோஸை (போர்டிலேயே இருந்து கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) மட்டும் புதுப்பித்துவிட்டு 2022ல் வந்த பிராசஸரைப் போட முடிந்தது. ஏஎம்5ஐயும் 2027க்கு அப்பாலும் தொடர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்ஜிஏ1700 சாலை 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால், நான் சேர்த்துக்கொடுத்த வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பிராசஸரை மட்டும் மாற்றியவர் ஒருவர்தான். மற்றவர்கள் எஸ்எஸ்டி சேர்த்தார்கள், ரேம் சேர்த்தார்கள், ஏழெட்டு வருடம் கழித்து மொத்தமாக மாற்றினார்கள். வராத அப்கிரேடுக்காக இன்று ஐந்தாயிரம் கூடுதலாகக் கொடுப்பதை யோசித்துச் செய்யுங்கள்.

பயோஸ் பற்றி ஒரு வார்த்தை. கடையில் ரொம்ப நாளாகக் கிடந்த எச்610 போர்டு 14100ஐ அடையாளம் தெரியாமல் முழிக்கலாம். பி450யில் 5600ஜியும் அப்படித்தான். கடையிலேயே பயோஸ் அப்டேட் செய்து, திரையில் பிராசஸரின் பெயர் வருவதைக் காட்டச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால், அப்டேட் செய்யப் பழைய பிராசஸர் ஒன்றை யாரிடமாவது கடன் கேட்டு அலைய வேண்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை

அக்கா, பையன், நான் மூவரும் சிந்தாதிரிப்பேட்டை பக்கம் பஸ் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்தோம். அண்ணா சாலையை ஒட்டிய அந்தக் குறுகலான தெருவில் காலை பதினோரு மணிக்கே தோளோடு தோள் இடிக்கும். நாலு கடையில் விலை கேட்டோம். சீட்டில் முழுப் பெயர் இருந்ததால் நாலு கடையிலும் ஒரே பொருளின் விலையைக் கேட்க முடிந்தது. இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள்.

ஒரு கடையில், "ட்ரே பிராசஸர் இருக்குண்ணா, பாக்ஸை விடக் கம்மி" என்றார்கள். ட்ரே என்றால் பெட்டியில்லாமல் மொத்தமாக வந்தது. கூலர் இருக்காது, பெட்டிப் பிராசஸருக்குக் கம்பெனி தரும் மூன்று வருட வாரண்டியும் இருக்காது. கடைக்காரர் தரும் வாரண்டிதான். கூலரைத் தனியாக வாங்கும் செலவைக் கூட்டிப் பார்த்தால் லாபம் கரைந்துவிடும். பெட்டியே வாங்கினோம். இன்னொரு இடத்தில் பில் வேண்டாமென்றால் விலை குறைப்பதாகச் சொன்னார்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டி கையைக் கடிக்கத்தான் செய்யும், ஆனால் பில் இல்லாமல் சர்வீஸ் சென்டரில் போய் நின்றால் பேச வாயிருக்காது.

போர்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். அக்கா வீட்டில் அவர் தம்பி கொடுத்த பழைய மானிட்டர் இருக்கிறது, அதில் பழைய வகை இணைப்பான நீலநிற விஜிஏ மட்டும்தான். இந்த எச்610 போர்டில் எச்டிஎம்ஐயோடு விஜிஏவும் இருந்ததால் கன்வர்ட்டர் செலவு மிச்சம். வைஃபை இல்லை, மலிவு போர்டுகளில் அநேகமாக இருக்காது; கம்ப்யூட்டர் மேஜையிலிருந்து ரவுட்டர் நாலடி தூரம்தான், கேபிள் போதும் என்று முடிவு செய்தோம்.

பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை. எல்ஜிஏ சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கும், பிராசஸரில் இருக்காது. அவற்றைக் காப்பாற்றக் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்து காட்டச் சொல்லி, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். நெற்கதிர் மாதிரி வரிசை வரிசையாக, ஒரே சீராக மின்ன வேண்டும். எங்காவது ஒரு புள்ளி மட்டும் வேறு விதமாக மின்னினால் அங்கே பின் வளைந்திருக்கிறது என்று பொருள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது, 'நீங்கள்தான் வளைத்தீர்கள்' என்றுவிடுவார்கள். ஏஎம்4ல் நிலைமை நேர் எதிர். பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும், கீழே போட்டால் தீர்ந்தது.

வீட்டுக்கு வந்து பையனையே மாட்டச் சொன்னேன். பிராசஸரின் ஒரு மூலையில் இருக்கும் சின்ன முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து, மேலிருந்து அழுத்தாமல் சும்மா வைக்க வேண்டும். பிறகு நெம்புகோலைக் கீழே இறக்கும்போது 'கிரீச்' என்றொரு சத்தம் வரும். பையன் பயந்து கையை எடுத்துவிட்டான். "உடைஞ்சிருச்சா அண்ணா?" உடையவில்லை, அது எப்போதும் அப்படித்தான் முனகும். கறுப்பு மூடி தானாகத் தெறித்து மேஜையில் விழுந்தது.

அக்கா அதைக் குப்பையில் போடப் போனார். தடுத்து வாங்கி மதர்போர்டு பெட்டிக்குள் போட்டேன். எப்போதாவது வாரண்டிக்குக் கொண்டுபோனால் அந்த மூடி இல்லாமல் போர்டை வாங்க மாட்டார்கள். பெட்டி இப்போது அவர்கள் பீரோவுக்கு மேலே, கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, பில் உள்ளே.